கலம் பிடித்த கைகள்: தமிழகத்தில் இஸ்லாமிய எழுத்துக்கலையும் அதைக் கற்பித்த வழியும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் 2002இல் ஒரு குடமுழுக்கு நடந்தது. அடுத்தது 2017 பிப்ரவரியில். குடமுழுக்கு என்றால் அதற்கு முன்னால் திருப்பணி உண்டு. சுதை உருவங்களைச் சீர்செய்ய வேண்டும், பழுதான கல்லை மாற்ற வேண்டும், வண்ணம் தீட்ட வேண்டும். தமிழகத்தில் ஏதாவது ஒரு கோயிலில் இந்த வேலை எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் கல்லூரியாக வளர்ந்து நிலைத்ததற்கு இதுவே அடிப்படை. இதற்கு மறுதலையான சான்றும் திருவண்ணாமலையிலேயே உண்டு. எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற கொள்கைப்படி 2007இல் தமிழக அரசு ஆறு பயிற்சிப் பள்ளிகளைத் திறந்தது. சைவப் பள்ளிகளில் ஒன்று திருவண்ணாமலையில் அமைந்தது. ஆறு பள்ளிகளிலுமாக இருநூறுக்கு மேற்பட்டோர் தேறினார்கள். வழக்கு குறுக்கே வந்தது, வேலை வரவில்லை. பயிற்சி பெற்ற 24 பேருக்கு ஒருசேர நியமன ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்டில்தான்.

ஒரு புனிதக் கலையைக் கைமாற்றித் தரும் மரபு பக்தியால் நிற்கிறதா, பள்ளியால் நிற்கிறதா, வேலையால் நிற்கிறதா? தமிழக முஸ்லிம்களின் எழுத்துக்கலையை வைத்து இந்தக் கேள்வியை ஆராய்கிறது இக்கட்டுரை. என் முடிவு மூன்றாவது பக்கம் சாய்கிறது. இங்கே ஆசிரியரும் இருந்தார், மதிப்பும் இருந்தது. கையெழுத்துக்கு வேலை இல்லாமல் போனபோதுதான் மாணவர் வருவது நின்றது.

இஸ்லாமியக் கலை என்றதும் அரசுகளை நோக்கியே கண் போகும். அது பாதி உண்மைதான். ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் தலைநகராகக் கொண்டிருந்த 14ஆம் நூற்றாண்டில், அவன் படையில் ஏறத்தாழ 20,000 முஸ்லிம்கள் இருந்ததாகப் பயணி இப்னு பதூதா எழுதுகிறார். மதுரை சுல்தானை எதிர்த்துப் போரிட்ட படை அது. படைவீரர் கூட்டம் ஊர்விட்டு ஊர் நகரும். அதிலிருந்து ஓர் எழுத்து மரபு வேர்விட்டதற்குச் சுவடில்லை. அந்த மரபு வேர்விட்டது கடற்கரையில், வணிகரும் லெப்பைகளும் ஆலிம்கள் என்ற மார்க்க அறிஞரும் வாழ்ந்த காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும்.

அங்கே வளர்ந்ததுதான் அரபுத்தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. அரபியின் 28 எழுத்துகள் தமிழுக்குப் போதா. ட, ண, ள, ழ, ற போன்ற ஒலிகளுக்கும் எகர ஒகரங்களுக்கும் இடமில்லை. எனவே இருக்கும் எழுத்தின் மேலோ கீழோ புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். திருக்குர்ஆன் பிரதியில் உள்ளதைப் போலவே உயிர்க்குறிகள் அனைத்தையும் இட்டு எழுதினார்கள். இதன் கல்விப் பயன் பெரிது. மக்தப் என்ற தொடக்கப் பள்ளியில் குர்ஆன் ஓதப் பழகிய எந்தப் பிள்ளையும் இன்னும் சில எழுத்துகளைக் கூடுதலாகக் கற்றுக்கொண்டால் சட்ட நூலையும் மாலைப் பாடலையும் மருத்துவக் குறிப்பையும் தன் மொழியிலேயே வாசித்துவிடும். தனியாக ஒரு பள்ளி தேவைப்படவில்லை.

பயிற்சி மரப்பலகையிலிருந்து தொடங்கியது. உஸ்தாத், அதாவது ஆசிரியர், பலகையில் எழுதித் தருவார். பிள்ளை ஓதும், பார்த்து எழுதும், பாடமானதும் பலகையைக் கழுவிவிட்டு அடுத்ததற்குப் போகும். இதில் ஓதலும் எழுதலும் தனித்தனிப் பாடங்கள் அல்ல. நாக்கு திருந்தும் அதே வேளையில் கையும் திருந்தியது. எல்லோரும் அழகாக எழுதியிருக்க மாட்டார்கள் என்பது வெளிப்படை. கை நன்றாக வந்தவனைத் தனியே கண்டுகொள்ளும் வாய்ப்பை இந்த முறை ஆசிரியருக்குத் தந்தது. நூல்களைப் படியெடுக்கும் வேலை அவனைத் தேடி வந்தது.

எழுத்துக்கலையின் இலக்கணம் கடல் கடந்து வந்தது. 10ஆம் நூற்றாண்டுப் பக்தாதில் இப்னு முக்லா வகுத்த அளவுமுறைப்படி, கலம் என்ற நாணல் எழுதுகோலின் நுனியை ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். அலிப் எத்தனை புள்ளி உயரம், நூன் எத்தனை புள்ளி அகலம் என்று அதைக் கொண்டே கணக்கிடுவார்கள். நாணலைச் சீவி, நுனியைச் சாய்வாக வெட்டி, நடுவே கீறல் விட்டால் கலம் தயார். விளக்குக் கரியும் கருவேலம் பிசின் போன்ற பசையும் சேர்ந்தால் மை. நுனியை வெட்டும் கோணம் அரை நூல் தவறினாலும் எழுத்தின் தடிமன் மாறிவிடும். இதை ஏட்டில் படித்துக் கற்க முடியாது; வெட்டுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்தே கற்க வேண்டும். மாணவர் ஒரே வரியை ஆண்டுக்கணக்கில் எழுதிக் காட்டி, ஆசிரியர் நிறைவுற்ற பிறகே இஜாஸத் என்ற அனுமதியைப் பெறுவார். அதன்பின்தான் தன் எழுத்தின் கீழே தன் பெயரைப் போட அவருக்கு உரிமை. இஸ்தான்புல்லில் இந்த ஒழுங்கு கறாராக இருந்தது. நம் கடற்கரையில் அத்தனை கறார் இல்லை. இங்கே இஜாஸத்தின் கனம் கல்வித் தொடருக்கும் தரீக்கா என்ற சூஃபி நெறியின் தொடருக்கும் இருந்ததே தவிர, எழுத்தழகு அவற்றுக்குத் துணையாகத்தான் நடந்தது. கீழக்கரைப் பிரதியை இஸ்தான்புல் அளவுகோலால் அளந்து குறை சொல்லும் போக்கு சிலரிடம் உண்டு. அது எனக்கு ஏற்புடையதல்ல. ஒன்று அரசவைக்காகப் பிறந்தது, மற்றது அடுக்களைத் திண்ணையில் படிப்பதற்காகப் பிறந்தது.

குருவழி என்பது இங்கே சமய எல்லைக்குள் அடங்கியதும் இல்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் தமிழ்ச் செய்யுளைக் கற்றது எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம். நபி வரலாற்றுப் பொருளுக்காக அவர் கீழக்கரை மார்க்க அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவை நாடினார் என்கிறது மரபு. யாப்புக்கு ஓர் ஆசான், பொருளுக்கு வேறொருவர். அந்த அப்பாவின் ஊரிலேயே வள்ளல் சீதக்காதியோடு சேர்த்துப் பேசப்படும் பழைய ஜும்ஆ பள்ளிவாசல், கல்தூணும் போதிகையுமாகத் திராவிடக் கட்டட முறையில் நிற்கிறது. சிற்பியின் மரபு பள்ளிவாசலுக்கும் பயன்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அரபுத்தமிழின் உச்சம் 19ஆம் நூற்றாண்டு. அதன் மைய மனிதர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று அறியப்பட்ட செய்யிது முகம்மது (1816–1898). கீழக்கரை தைக்கா சாகிபின் மாணவர், பிறகு அவருக்கே மருமகன். ஆசிரியரின் வீட்டுக்குள் மாணவர் உறவாகவே நுழைந்துவிடும் இந்த ஏற்பாடு தமிழ்க் கைவினைக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. கல்வி வெளியே சிந்தாமல் காக்கும் வழி அது. அவர் இலங்கைக்கும் தமிழகக் கரைக்குமாகப் பயணம் செய்தார். பள்ளிவாசல்களும் தைக்காக்கள் என்ற சிறு தொழுகைக் கூடங்களும் எழக் காரணமானார். கீழக்கரை அரூஸிய்யா மதரஸாவை வளர்த்தார். ‘மகானி’, ‘பத்ஹுத் தய்யான்’ முதலிய அவருடைய அரபுத்தமிழ் நூல்கள் இருகரையிலும் வீட்டுப் புத்தகங்களாயின. அரபுத்தமிழ் எழுத்துமுறையைச் சீர்படுத்தியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

இந்த நூல்களின் வாசகர்களில் பெண்களே பெரும்பங்கினர். பள்ளிக்கூடம் போகாத, தமிழ் எழுத்தே தெரியாத பெண்கள் அரபுத்தமிழைச் சரளமாக வாசித்தார்கள். காயல்பட்டினத்துப் பெண்கள் தைக்காக்களில் மூத்தவள் இளையவளுக்கு ஓதிக்கொடுத்தாள். கீழக்கரை ஆசியா உம்மா மெய்ஞ்ஞானப் பாடல்களை இந்த எழுத்திலேயே எழுதினார். ஆண்களின் மதரஸா வரலாறு ஓரளவு பதிவாகியிருக்கிறது. பெண்களின் இந்தக் கல்வித் தொடர் பெயரில்லாமல் கிடப்பதை ஆய்வுலகின் குறை என்றே சொல்வேன்.

அச்சு வந்ததும் எழுதும் கை ஓய்ந்தது என்பது பொதுவான நம்பிக்கை. அரபு எழுத்தைப் பொறுத்தவரை நடந்தது வேறு. 1835இல் மெட்காஃப் ஆட்சியில் வந்த அச்சுச் சட்டத்துக்குப் பிறகு இந்தியர் அச்சகம் நடத்துவது எளிதாயிற்று. ஆனால் அரபு எழுத்து முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் என்று இணைந்து ஓடுவது. உயிர்க்குறி, கூடுதல் புள்ளி இரண்டும் சேர்ந்தால் ஈய அச்செழுத்து கோப்பது பெருந்தொல்லை. கல்லச்சு இந்தத் தொல்லையைத் தீர்த்தது. காத்திப், அதாவது எழுத்துக் கலைஞர், எண்ணெய்ப் பசை கலந்த மையால் தனித் தாளில் எழுதுவார். அந்தத் தாளைக் கல்லின் மேல் வைத்து அழுத்தினால் எழுத்து தலைகீழாகக் கல்லில் பதியும். கல்லை ஈரமாக்கி மை உருட்டினால் எழுத்தில் மட்டும் மை ஒட்டும், ஈரமான இடம் மையைத் தள்ளும். அச்சிட்ட பக்கம் காத்திபின் கையெழுத்தை அப்படியே காட்டும். ஆக, கல்லச்சு எழுதுபவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஒரு பிரதி எழுதியவரின் கையை ஆயிரம் வீட்டுக்குக் கொண்டுபோனது. கை நல்லதாக இருந்தால் புத்தகம் விற்றது, ஆகவே பயிற்சிக்கும் விலை இருந்தது.

அரபுத்தமிழை ஓய்த்தது இயந்திரத்தை விடவும் பள்ளிக்கூடம்தான் என்று கருதுகிறேன். 20ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் பிள்ளைகள் தமிழ் எழுத்தைப் பரவலாகக் கற்றார்கள். பா. தாவூத் ஷா நடத்திய ‘தாருல் இஸ்லாம்’ போன்ற இதழ்கள் மார்க்கத்தை நல்ல தமிழில் பேசின. இதில் ஒரு முரணும் உண்டு. திருவண்ணாமலைக்கு வடக்கே வேலூரில் ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்வியின் தலையாய நிலையம். அங்கே ஓதிப் பட்டம் பெற்ற அப்துல் ஹமீது பாகவிதான் குர்ஆனைத் தமிழில் பெயர்த்துத் தமிழ் எழுத்தில் வெளியிட்டவர். மார்க்கம் தமிழ் எழுத்துக்கு வந்தபின் அரபுத்தமிழில் எழுத யாருக்கும் கட்டாயம் இல்லை. இரண்டு தலைமுறையில் வாசகர் போனார், அவரோடு எழுதுபவரும் போனார். இதை யாரும் திட்டமிடவில்லை. சமூகத்துக்கு நன்மை தந்த ஒரு மாற்றத்தின் விலை அது.

நவாப்களின் வழி தனிக் கிளை. ஆற்காட்டிலும் பின்னர் திருவல்லிக்கேணியிலும் பாரசீகமும் உருதும் அவற்றை எழுதும் நஸ்தலீக் எழுத்தும் அரசவைக் கல்வியாக வளர்ந்தன. திருவண்ணாமலைச் சீமையும் அந்த நவாப்களின் ஆட்சிக்குள் இருந்ததுதான். 1795இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் ஆண்டைக் குறிக்கும் பாரசீகத் தொடரை இயற்றியவர் ராஜா மக்கன்லால் கிராத், நவாபின் முன்ஷியாக, அதாவது செயலராக, இருந்த இந்து. பாரசீகம் கற்ற கைக்கு அரசவையில் வேலை இருந்தது. வேலை இருந்தால் சாதியும் சமயமும் பார்க்காமல் அந்தக் கல்வி பரவும்.

அரசவை போனபின் அந்தக் கைகளுக்கு இடம் கொடுத்தது பத்திரிகை. 1927இல் செய்யிது அஸ்மத்துல்லாஹ் திருவல்லிக்கேணியில் ‘முசல்மான்’ என்ற உருது நாளேட்டைத் தொடங்கினார். அவ்வாண்டு சென்னைக் காங்கிரசுக்குத் தலைமை ஏற்ற டாக்டர் எம். ஏ. அன்சாரி அதைத் தொடங்கிவைத்தார். நான்கு பக்கம், நான்கும் கையெழுத்து. காத்திப்கள் எழுதிய தாளைப் படம் எடுத்து, தகடாக்கி, அச்சேற்றுவார்கள். கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டிருப்பார்கள். பெரிய பிழை வந்தால் பக்கத்தையே திரும்ப எழுத வேண்டும். நிறுவனருக்குப் பின் மகன் செய்யிது ஃபஸ்லுல்லாஹ் 2008இல் இறக்கும்வரை ஆசிரியராக இருந்தார். பிறகு பேரன் பொறுப்பேற்றார். காத்திப்களில் பெண்களும் இருந்தார்கள். இந்த ஏட்டைப் பற்றி உலகப் பத்திரிகைகள் அடிக்கடி எழுதின. பெரும்பாலும் அதிசயப் பொருளைப் பார்க்கும் பார்வை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: தினமும் மாலைக்குள் முடிக்க வேண்டிய வேலை. எந்தப் பயிற்சி வகுப்பும் தர முடியாத கண்டிப்பு அது.

இதற்கிடையே வெளியே எல்லாம் மாறிவிட்டது. பாகிஸ்தானில் மிர்ஸா அஹ்மத் ஜமீல் ஏறத்தாழ 20,000 எழுத்திணைப்புகளை வரைந்து மோனோடைப் நிறுவனத்தோடு நூரி நஸ்தலீக் அமைப்பை உருவாக்கினார். 1981இல் லாகூர் ‘ஜங்’ நாளேடு அதில் வந்தது. 1990களில் இன்பேஜ் என்ற உருது மென்பொருள் வந்தபோது சிறு அச்சகத்துக்கும் காத்திப் தேவைப்படவில்லை. நல்ல காத்திபின் கையை ஒருமுறை வாங்கிக் கணினியில் வைத்தாயிற்று, அடுத்தவர் எதற்கு?

ஓதும் கலையைப் பாருங்கள். அது இப்படித் தேயவில்லை. ரமலான் வந்தால் தராவீஹ் தொழுகையில் முழுக் குர்ஆனையும் மனப்பாடமாக ஓதும் ஹாபிழ் வேண்டும். பெரிய ஜமாஅத் உள்ள ஊர்கள் ஆண்டுதோறும் தேடுகின்றன. ஒலிநாடா வந்தது, கைப்பேசி வந்தது. தொழுகையில் அவற்றுக்கு இடமில்லை, மனிதக் குரலே வேண்டும். எனவே குர்ஆனை மனப்பாடம் செய்விக்கும் ஹிப்ழ் மதரஸா நடக்கிறது. பிள்ளை உஸ்தாதின் முன் முழந்தாளிட்டு உட்கார்ந்து, எழுத்து எங்கே பிறக்கிறது, எங்கே நீள்கிறது என்று திருத்தம் பெற்று, பழைய முறையிலேயே தேறுகிறது. குரல் கலைக்கு ரமலான் செய்வதைக் கோயில் சிற்பத்துக்குக் குடமுழுக்கு செய்கிறது. எழுத்துக்கு அப்படியொரு நாள் நாட்காட்டியில் இல்லை.

மீட்பு முயற்சிகள் இல்லாமலில்லை. தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட, இலங்கையிலும் தமிழகத்திலும் அரபு, அரபுத்தமிழ், பாரசீகம் பற்றிய பெருநூல் பெயர்களையும் நூல்களையும் ஒரே இடத்தில் திரட்டியது. உருது மொழி வளர்ச்சிக்கான தேசியக் கவுன்சில் எழுத்துக்கலையையும் கணினி வரைகலையையும் சேர்த்துப் பட்டய வகுப்பாக நடத்துகிறது; பிழைப்பையும் எண்ணிப் போட்ட பாடத்திட்டம், பாராட்டத்தக்கது. லண்டனில் கீத் கிரிச்லோ 1984இல் தொடங்கிய இஸ்லாமிய, மரபுக் கலைப் பாடம் பின்னர் மன்னர் சார்லஸின் ஆதரவு பெற்ற மரபுக்கலைப் பள்ளியாக வளர்ந்தது. 2021இல் யுனெஸ்கோ அரபு எழுத்துக்கலையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் பெயர் வருவது நல்லதே. வேலை அதிலிருந்து வராது.

வேலை வரக்கூடிய இடம் கண்முன்னே இருக்கிறது. வந்தவாசி, ஆரணி, போளூர், செங்கம் என்று திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்களில் பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போது தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராபுக்கு மேலே வரும் வசனம், நுழைவாயில் பலகை, கல்லறையின் மீசான் கல் எல்லாவற்றுக்கும் எழுத்து தேவை. கணினியில் எடுத்த எழுத்தை அச்சிட்ட ஓட்டில் ஒட்டுவதே இப்போது எளிய வழி. புதுப்பிக்கும் செலவில் ஒரு சிறு பங்கு கையால் எழுதும் ஒருவருக்கும் அதைக் கல்லில் வெட்டும் சிற்பிக்கும் என்று வக்ஃபு வாரியமும் ஜமாஅத்துகளும் முடிவெடுத்தால், அந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாணல் சீவ ஒரு மாணவர் வருவார். கல்வெட்டும் சிற்பிகள் இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதித்தர ஆள்தான் இல்லை.