ஓசிமோசிஸ்

ஓசிமோசிஸ் என்பது ஒரு நாட்டின் அல்லது பகுதியின் ஆற்றல் கட்டமைப்பை நீண்டகால நோக்கில் திட்டமிட உதவும் கட்டற்ற, திறந்த மூல மென்பொருள் ஆகும். ஆற்றலுடன் நீர், நிலம் ஆகியவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்து, எல்லாத் தேவைகளையும் மிகக் குறைந்த மொத்தச் செலவில் நிறைவு செய்யும் வழியைக் கண்டறியவும் இது பயன்படுகிறது. இது அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது.

பின்னணி

மின்சாரமும் நீரும் ஒன்றையொன்று சார்ந்தவை. கிணற்று நீரை இறைக்க மின்சாரம் வேண்டும். அனல் மின்நிலையத்தைக் குளிர்விக்க நீர் வேண்டும். மேட்டூர் அணையில் பாசனத்துக்குத் திறக்கப்படும் நீரே மின் உற்பத்திக்கும் பயன்படுகிறது. எனினும் இத்துறைகள் பெரும்பாலும் தனித்தனியே திட்டமிடப்படுகின்றன.

வரலாறு

மார்க் ஹவல்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011 ஆம் ஆண்டு 'எனர்ஜி பாலிசி' ஆய்விதழில் இம்மென்பொருளை விரிவாக அறிமுகப்படுத்தினர். சுவீடனின் அரச தொழில்நுட்பக் கழகம் இதன் வளர்ச்சியில் முக்கியப் பங்காற்றியது. இதையொத்த பல மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணமும் நீண்ட பயிற்சியும் தேவைப்பட்டன. அத்தடையை வளரும் நாடுகளின் திட்டமிடுவோருக்கும் மாணவர்களுக்கும் நீக்குவதே இதன் நோக்கம். முதலில் குனூ மேத்புரோக் மொழியில் எழுதப்பட்டது. பின்னர் காம்ஸ், பைத்தான் வடிவங்களும் வெளிவந்தன.

இயங்கும் முறை

இது நேரியல் நிரலாக்க முறையைப் பின்பற்றுகிறது. ஆண்டுவாரியான தேவை, ஒவ்வொரு தொழில்நுட்பத்தின் செலவு, செயல்திறன், ஆயுட்காலம், கார்பன் வெளியீட்டு வரம்பு முதலியன உள்ளீடுகளாகத் தரப்படுகின்றன. எந்த ஆண்டில் எதை எவ்வளவு நிறுவுவது, எவ்வளவு இயக்குவது என்பன விடைகளாகக் கிடைக்கின்றன. எதிர்காலச் செலவுகள் இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டப்படுகின்றன.

ஒரு பொருளை மற்றொன்றாக மாற்றும் எதுவும் இங்கு 'தொழில்நுட்பம்' எனக் கொள்ளப்படும். மின்சாரத்தையும் நிலத்தடி நீரையும் உட்கொண்டு பாசன நீரைத் தரும் நீரிறைப்பியும் அனல் மின்நிலையத்தைப் போலவே ஒரு தொழில்நுட்பம்தான். இதனால் நீரும் நிலமும் மின்சாரமும் ஒரே சமன்பாட்டுத் தொகுதிக்குள் அடங்குகின்றன.

மொரீசியஸ் ஆய்வு

காலநிலை, நிலம், ஆற்றல், நீர் ஆகிய நான்கையும் இணைத்து நோக்கும் முறை 'க்ளூஸ்' எனப்படும். தமிழர்களும் வாழும் மொரீசியஸ் தீவு பற்றிய இவ்வகை ஆய்வு 2013 ஆம் ஆண்டு 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வெளியானது. கரும்பிலிருந்து எத்தனால் எடுத்து, பெட்ரோல் இறக்குமதியைக் குறைக்கும் திட்டம், ஆற்றல் துறையை மட்டும் நோக்கினால் ஆதாயமாகத் தெரிந்தது. ஆனால் மழை குறைந்தால் கரும்புக்குக் கூடுதல் பாசனம் தேவைப்படும். அந்நீரைப் பெற மின்சாரம் வேண்டும். அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் இறக்குமதியும் கார்பன் வெளியீடும் கூடி, அந்த ஆதாயம் கரைந்துவிடும் என்பது தெரியவந்தது.

அவ்வாய்வில் மூன்று தனித்தனி மென்பொருள்களின் முடிவுகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொடுக்கப்பட்டன. இத்தகைய இணைப்பை ஒரே மாதிரிக்குள் செய்ய ஓசிமோசிஸ் பின்னர் பயன்படுத்தப்பட்டது.

வரம்புகள்

- எதிர்காலத் தேவையும் விலையும் முன்கூட்டியே முழுமையாகத் தெரியும் எனக் கொள்கிறது.
- மிகக் குறைந்த மொத்தச் செலவையே தேடுவதால், அச்செலவு யார் மீது விழுகிறது என்பதைத் தானாகக் காட்டாது.
- உள்ளீட்டுத் தரவுகள் பிழையானால் விடையும் பிழையாகும்.

இவற்றையும் பார்க்க

- நேரியல் நிரலாக்கம்
- கட்டற்ற மென்பொருள்