பழைய மேசைக்கு எந்தக் கைப்பிடி?

எங்க கீரனூர்ப் பக்கம் பழைய வீட்டைப் பிரிக்கும்போது முதல்ல காணாமப் போறது தூணும் கதவும் இல்லைங்க. பித்தளைச் சாமான். குமிழ், வளையம், டிராயர் கைப்பிடி எல்லாம் எடைக்குப் போட்டாலே காசு.

இதுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு. ராயவரம், கோனாபட்டு மாதிரி நம்ம மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்கள்ல வீடு கட்டின பணத்துல பெரும்பங்கு பர்மா வட்டித் தொழில்ல வந்தது. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள புகுந்தான். 1948-ல அங்க நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்துச்சு. வருமானம் போன பிறகு வீட்டுச் சாமான்கள் ஒவ்வொண்ணா வெளியேறி, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்துச்சு. அங்கே பெட்டி பெட்டியா கைப்பிடி கிடைக்கும்.

எங்க வீட்டுத் தேக்கு மேசைக்கு நாலு டிராயர். மிஞ்சினது ஒரே கைப்பிடி. "கடையில ஒரிஜினலே வாங்கிடலாமே தம்பி"ன்னார் எங்க ஆசாரி. எனக்கு மனசு ஒப்பலை. அந்த ஒரிஜினல் எங்கேர்ந்து வருது? இன்னொரு மேசையை மொட்டையடிச்சுத்தானே!

சரி, எதை வச்சுத் தேர்ந்தெடுக்கறது? மேசையையேதான் கேட்கணும். டிராயரை வெளிய இழுத்து உள்பக்கம் பாருங்க. நடுவுல ஒரே துளைன்னா குமிழ் இருந்திருக்கும். ரெண்டு துளைன்னா தொங்கு கைப்பிடி. அடைச்ச துளை தெரிஞ்சா, யாரோ ஏற்கெனவே மாத்திட்டாங்க. முன்பக்கம் தகடு இருந்த இடத்துல மரம் வேற நிறமா, நிழல் மாதிரி தெரியும். அதுதான் பழைய கைப்பிடியோட அளவு, வடிவம் எல்லாம்.

திருகாணியும் பேசும். ஸ்டார் தலைன்னா ஹென்றி பிலிப்ஸ் 1936-ல காப்புரிமை வாங்கினதுக்கு அப்புறம் போட்டது. கூர் நுனி வச்ச மெஷின் திருகாணி 1840கள்ல அமெரிக்காவுல வந்தது, அதுக்கு முந்தினது நுனி மொக்கை. 1854-ல அந்த மெஷினை பர்மிங்காமுக்குக் கொண்டுவந்தவர் நெட்டில்ஃபோல்ட். அதுல பணம் போட்ட பங்காளியோட பேரன்தான் 1938 மியூனிக் ஒப்பந்தப் புகழ் சேம்பர்லின். திருகாணியைத் தோண்டினா ஹிட்லர் வரைக்கும் போகுது பாருங்க :)

மிஞ்சின ஒண்ணை மாதிரியா வச்சு மணல் அச்சுல மூணு வார்க்கறதுன்னு முடிவு பண்ணேன். இதுல ஒரு நுணுக்கம். பித்தளை ஆறும்போது நூத்துக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கும். மூணு அங்குலத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல குறையும். தகட்டுல துளையும் சேர்த்தே வார்த்தா மரத்துத் துளையோட பொருந்தாது. அதனால துளை இல்லாம வார்த்து, அப்புறமா மரத்து அளவுக்குத் துளைக்கச் சொல்லணும். கைப்பிடிக்காக மரத்துல புதுசா துளை போட மட்டும் சம்மதிக்காதீங்க. தேக்குல போட்ட ஓட்டை போட்டதுதான்.

பழசைப் புளி போட்டு விளக்கவும் இல்லை. அந்தக் கருப்பு வர எத்தனை வருஷக் கை பட்டிருக்கும்! புதுசு மூணும் பளபளன்னு இருக்கும், இருக்கட்டும். பின்பக்கம் இந்த வருஷத்தைப் பொறிக்கச் சொல்லியிருக்கேன். நாளைக்கு எவனாவது அதையும் ஒரிஜினல்னு விக்கப் பார்ப்பானே.