நூலில்லாப் பட்டம்

இறக்காமத்தில் அறுவடை முடிந்தபின் வயல்வெளி மறைப்பின்றிப் பரந்து கிடக்கும். அத்தகைய வெளியில் பட்டம் ஏற்ற வரும் சிறுவன் முதலிற் பார்ப்பது தாளின் நிறத்தையன்று, முச்சையைத்தான். முச்சையின் முடிச்சு ஒரு விரற்கடை இடம் மாறினாலும் பட்டம் ஏற மறுக்கும், அல்லது குத்துக்கரணமிட்டு மண்ணில் விழும். வால் குறைந்தால் சுழலும்; மிகுந்தால் இழுபடும். நிறையும் காற்றும் ஒன்றையொன்று எங்கே சந்திக்க வேண்டும் என்னும் இக்கேள்வியே, வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரி விமானத்தின் வரலாறு முழுவதையும் நடத்தி வந்திருக்கிறது.

அக்கேள்விக்குத் தன் முதுகெலும்பை விலையாகக் கொடுத்தவர் என்று சொல்லப்படுபவர் அந்தலூசியா நாட்டின் குர்துபா நகரில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ். இறகுகளாலான சிறகைப் பூட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பாய்ந்தார், சிறிது தூரம் மிதந்தார், இறங்கும்போது அடிபட்டார். பறவை வாலைக்கொண்டே இறங்குகிறது என்பதை அவர் எண்ணாமல், வாலின்றிச் சிறகு மட்டும் செய்துகொண்டார் என்று காரணமும் கூறப்படுகிறது. இச்செய்தியை விரிவாக எழுதிய அல் மக்கரி 17ஆம் நூற்றாண்டினர். ஆகையால் ஒவ்வொரு விவரத்தையும் அப்படியே ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆனால் தவறு எங்கே நேர்ந்தது என்று அக்கதை காட்டும் இடம் மிகச் சரியானது. சிறகு தூக்கும், நேராக வைத்திருப்பது வால்.

இதனைக் கணக்கிட்டுச் செய்தவர் இங்கிலாந்தின் ஜோர்ஜ் கேலி. 1804இல் அவர் செய்த மாதிரி, உண்மையில் ஒரு பட்டமேயாகும். நீண்ட கோலொன்றின் முற்பகுதியிற் சாதாரணப் பட்டத்தைச் சிறகாகப் பொருத்தினார். பிற்பகுதியிற் சிலுவை வடிவான வாலை, சாய்வு மாற்றக்கூடிய வகையில் அமைத்தார். முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு ஒரு நிறையையும் சேர்த்தார். நிறையை நகர்த்தினால் புவியீர்ப்பு மையம் நகரும். மையம் உரிய இடத்துக்கு வந்ததும், அக்கருவி குன்றின் மேலிருந்து அமைதியாக இறங்கிச் சென்றது. இன்று மாதிரி விமானம் கட்டுவோர் செய்வதும் இதுதான்.

கேலிக்குப் பின் வந்தவர்களுள் இரக்கத்தோடு நினைக்கத்தக்கவர் பிரான்சின் அல்போன்ஸ் பெனோ. 1871இல் பாரிஸ் நகரத்துத் துய்லரி பூங்காவில், முறுக்கிய இறப்பர் நாடாவால் இயங்கும் சிறு விமானமொன்றை அறிஞர் குழுவின் முன் பறக்கவிட்டார். எவர் கையும் படாமல், வாலின் அமைப்பாலேயே தன்னைத் தான் திருத்திக்கொண்டு, 11 விநாடி நேரம் அது பறந்தது. பின்னர் பெரிய விமானமொன்றுக்கு வரைபடம் தீட்டினார். பொருளுதவி செய்வார் இல்லை. 1880இல், முப்பது வயதிலேயே, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் வகுத்த மாதிரியிற் செய்யப்பட்ட பறக்கும் விளையாட்டுப் பொருளொன்றை 1878இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் சிறுவர் இருவருக்கும் வாங்கி வந்தார். அச்சிறுவர்களே வில்பர் ரைட்டும் ஓர்வில் ரைட்டும்.

இவ்விடத்தில் ஒரு பெரும் பிணக்குத் தோன்றுகிறது. விமானம் தானாகவே நிலைத்துப் பறக்க வேண்டும் என்பது பெனோவின் கொள்கை; அமெரிக்க அறிஞர் லாங்லியும் அதையே பின்பற்றினார். 1896ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், ஆளில்லாத அவருடைய நீராவி மாதிரி பொட்டோமாக் ஆற்றின் மேல் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் பறந்தது. அதையே பெரிதாக்கி மனிதனை ஏற்றியபோது, 1903இல் இரு முறையும் ஆற்றில் விழுந்தது. ரைட் சகோதரர்களோ துவிச்சக்கரவண்டி செய்து விற்றவர்கள். நிறுத்தினால் சாய்ந்துவிடும் வண்டியை ஓட்டுபவனே கணந்தோறும் நிமிர்த்துகிறான் என்பதை அறிந்தவர்கள். 1899இல் அவர்கள் ஐந்தடி அகலமான இரட்டைத் தட்டுப் பட்டமொன்றைக் கட்டி, இரண்டு கோல்களில் இணைத்த நான்கு கயிறுகளால், தரையில் நின்றபடியே அதன் சிறகைத் திருகிச் சாய்த்தும் நிமிர்த்தும் பார்த்தார்கள். 1903 டிசெம்பர் 17ஆம் நாள் பெற்ற வெற்றிக்கு அடிப்படை அதுவே. நிலத்தில் நிற்பவன் கை, வானத்திலுள்ள சிறகை அசைக்கும் கலையும் அப்பட்டத்தில் இருந்தது. கயிற்றை நீக்கிவிட்டு அலையை வைக்க வேண்டியதே எஞ்சியிருந்தது.

அலையோ முன்னரே வந்துவிட்டது. 1898இல் நிக்கொலா தெஸ்லா நியூயோர்க்கில் ஒரு சிறு படகைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். ஆயினும் படகு நிறையைத் தாங்கும். மாதிரி விமானம் தாங்காது. வால்வும் கனத்த மின்கலங்களும் ஏறினால் சிறகு எழும்பாது. இத்தடையை வென்றவர்களுள் முன்னிற்போர் அமெரிக்காவின் கலமசூ நகரத்து வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர். ஒருவர் விமானம் கட்டுவதில் வல்லவர். மற்றவர் பொழுதுபோக்கு வானொலியாளர். அவர்களுடைய ‘கஃப்’ என்னும் விமானம் 1937இல் வானொலிக் கட்டளைக்குப் பணிந்து பறந்தது. 1938இல் தேசியப் போட்டியில் வென்றது. இப்பொழுது அது வொஷிங்டன் அருங்காட்சியகத்திற்குரியது.

அக்காலத்துக் கட்டளை எத்துணை எளியது என்பதை இன்றைய இளைஞர் நம்பமாட்டார். பல விமானங்களில் ஒரே பொத்தான்தான். அழுத்தினால், முறுக்கிய இறப்பர் நாடா காற்படி சுழன்று வாற்சுக்கானை வலப்புறம் திருப்பும்; விட்டால் நடுவுக்கு வரும்; மறுபடி அழுத்தினால் இடப்புறம். முன்னர் எப்பக்கம் திரும்பியது என்பதை மறந்தவன் விமானத்தை இழந்தான். ஏற்றமும் இறக்கமும் அவன் கையில் இல்லை. அவற்றை விமானத்தின் சமநிலையே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே பெனோவின் கொள்கையும் ரைட் சகோதரர்களின் கொள்கையும் இங்கே ஒரே உடலில் வாழ வேண்டியதாயிற்று. திரான்சிஸ்டர் வந்தபின், 1960களில், கைக்கோலின் அசைவுக்கு ஏற்ற அளவில் சுக்கான் அசையும் முறை பரவி அக்கவலையைக் குறைத்தது.

போர் வந்தபோது விளையாட்டுப் பொருள் படைக்கலமாயிற்று. ஹொலிவூட்டில் மாதிரி விமானக் கடை வைத்திருந்த ஆங்கில நடிகர் ரெஜினால்ட் டெனி, பீரங்கிப் பயிற்சிக்குக் குறியாகும் ஆளில்லா விமானங்களை ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார். அத்தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண் ஒருத்தியே பின்னர் மரிலின் மன்றோ எனப் பெயர் பெற்றாள் என்பது வரலாற்றின் வேடிக்கை. ஈக்குவடோர் நாட்டிலிருந்து வரும் பல்சா மரம் மொஸ்கிற்றோ என்னும் போர் விமானத்தின் உடலுக்கு வேண்டப்பட்டது.

அந்த மரந்தான் உறுப்புகள் அடங்கிய பெட்டியைத் திறந்தவுடன் கைக்கு வருவது. வரைபடத்தைப் பலகையில் விரித்து, அதன்மேல் விலாக்களை ஊசியால் நிறுத்திப் பசையிட்டு, காய்ந்தபின் உறை போர்த்துவார்கள். முன்னாளில் மெல்லிய தாள். இந்நாளில் வெப்பத்தில் இறுகும் மென்படலம். உறை கோணினால் சிறகு திருகும். திருகிய சிறகை எந்தச் சுக்கானும் முற்றாகத் திருத்தாது. எல்லாம் பூட்டி, மின்கலமும் வைத்தபின், சிறகின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்திற் காற்பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில், வரைபடம் குறித்த இடத்தில், இரு விரல்நுனிகளால் விமானத்தைத் தாங்கிப் பார்க்க வேண்டும். மூக்குச் சற்றே தாழ்ந்தால் குற்றமில்லை. விமானம் சோம்பலாகப் பறக்கும், அவ்வளவே. வால் தாழ்ந்தால் ஆபத்து. மூக்கு நிமிர்ந்து, வேகம் குன்றி, சிறகு காற்றை இழந்து விழும். ஓட்டுபவன் திருத்துமுன் தரை வந்துவிடும். வெள்ளிக்கோலைப் பிடித்த வணிகனுக்கு இதன் காரணம் புரியும்: வால் நீண்டது, மூக்குக் குறுகியது. வாலிற் கூடிய ஒரு கிராமுக்கு மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் இட வேண்டிவரும். எனவே முதலில் மின்கலத்தை முன் நகர்த்திப் பார்ப்பதே அறிவு. ஒரு மாதம் உழைத்துக் கட்டியதை இந்த ஐந்து நிமிடச் சோதனைக்குப் பொறுமையின்றி உடைத்தவர் எத்தனையோ பேர்.

இக்கலையின் உச்சத்தைத் தொட்டவர் மேனார்ட் ஹில் என்னும் அமெரிக்கர். 2003இல் அவருக்கு வயது 77; கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் மந்தம். விரல்களின் உணர்வையே துணையாகக் கொண்டு, பல்சா மரத்தால் ஆறடிச் சிறகுடைய விமானமொன்றை உதவியாளரோடு கட்டினார். எரிபொருளுடன் அதன் நிறை 5 கிலோகிராமுக்குள். அதில் ஏறக்குறையப் பாதி எரிபொருள். பறக்கப் பறக்கப் பாதி நிறை கரைந்துவிடும் விமானத்தில், தாங்கி சமநிலைப் புள்ளியை விட்டு விலகினால் பயணம் நடுக்கடலில் முடியும். முன்னர் அனுப்பியவை அவ்வாறே கடலில் மறைந்திருந்தன. ஓகஸ்ட் 9ஆம் நாள் நியூபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்ட இந்த விமானம், செய்மதி காட்டிய வழியில் தானே சென்றது. இடையே சில மணி நேரம் அதனிடமிருந்து செய்தியே இல்லை. 38 மணி 52 நிமிடங்களின் பின், ஏறத்தாழ 3,030 கிலோமீற்றர் கடந்து, அயர்லாந்தின் மேற்குக் கரையில் மானின் என்னும் கடற்கரைக்கு மேலே அது தோன்றியது. அங்கிருந்து தொலைவில் இல்லை, 1907இல் மார்க்கோனி அட்லாந்திக்கைக் கடந்து கம்பியில்லாத் தந்திச் சேவை தொடங்கிய நிலையமும், 1919இல் அல்கொக்கும் பிரவுனும் முதன்முதல் அக்கடலை இடைநிற்காமல் பறந்து கடந்து இறங்கிய சதுப்பும்.

கரையிற் காத்திருந்த டேவ் பிரவுன் வானொலிப் பெட்டியைக் கையிலெடுத்து, விமானத்தைத் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, புல்வெளியில் இறக்கினார். தாங்கியில் எஞ்சியிருந்த எரிபொருள் மிகச் சொற்பம். ஹில் அப்போது கடலின் மறுகரையில் இருந்தார். விமானம் வந்துவிட்டது என்ற செய்தி அவருக்குத் தொலைபேசியில் எட்டியது.