வீட்டு உழைப்புக்கு விலை வைத்த வரலாறு

காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் வீட்டைக் கவனிக்கும் பெண்ணின் வேலை விடியுமுன் தொடங்கிவிடும். வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். குழாயடியில் குடம் வைக்க வேண்டும். பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போக வேண்டும். இதே மாவட்டத்துப் புள்ளலூரில் 1780இல் நடந்த போருக்கு வரலாற்று நூல்களில் நாளும் கணக்கும் உண்டு. இந்த உழைப்போ நெடுங்காலம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர், கைதிகள் ஆகியோரோடு உழைக்காதோர் வரிசையில் வைத்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது, கண்டிக்க வேண்டியதுதான்.

இந்த உழைப்புக்கு விலை வைக்கும் முயற்சி விபத்து இழப்பீட்டு வழக்குகளில் வளர்ந்தது. ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில், 2001இல், இல்லத்தரசியின் பணியை மாதம் 3,000 ரூபாயாக உச்ச நீதிமன்றம் மதித்தது. மிகக் குறைவுதான், ஆனாலும் ஒரு தொடக்கம். உழைப்பின் அளவோ பெரிது: 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டனர்; ஆண்கள் 97 நிமிடம்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி ஊரில் குடும்பத்தைக் காத்த வழக்கு அது. வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 15இல் தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் சுமார் 1.06 கோடி குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டிய குடும்பங்களும், ஐந்து ஏக்கருக்கு மேல் நன்செய் வைத்திருப்போரும் இதில் சேரவில்லை.