நொடிக்கு 2,150 அடி

என்னோடு வேலை பார்க்கும் ஆஸ்திரேலிய நண்பர் ஒருவர் வடக்கு மண்டலத்துக்கு எருமை வேட்டைக்குப் போகிறார். 19ஆம் நூற்றாண்டில் தீமோரிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட எருமைகளின் சந்ததி அங்கே காட்டுவிலங்காகத் திரிகிறது. தோட்டாக்களை அவரே நிரப்பிக்கொள்கிறார். மெல்பர்னில் அவர் வீட்டுக் கராஜில், சின்னத் தராசில் மருந்தை நிறுத்தபடியே கேட்டார்: "500 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,300 அடி வேகம் வரை தள்ளலாம் என்கிறது கையேடு. பெரியவர்கள் 2,150 போதும் என்கிறார்கள். அது என்ன கணக்கு?"

நான் துப்பாக்கி வைத்திருப்பவன் அல்லன். ஆனால் குன்னூர்க்காரன். பக்கத்து அருவங்காட்டில் இருப்பது கார்டைட் ஃபேக்டரி. அந்த எண்ணுக்கும் கார்டைட்டுக்கும் உறவு உண்டு என்பதுவரை தெரியும். மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கார்டைட்டுக்கு முன்பு கரிமருந்துதான். அதில் குண்டின் வேகத்தைக் கூட்ட ஓர் எல்லை உண்டு. எனவே யானை வேட்டைக்காரர்கள் கனத்தைக் கூட்டினார்கள். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், 21 பவுண்டு எடையுள்ள துப்பாக்கியால் கால் பவுண்டு குண்டைச் சுட்டார்.

1889இல் ஏபலும் டிவாரும் கார்டைட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின். மூன்றையும் பிசைந்து நூலாக இழுத்தது. 1898இல் லண்டன் ரிக்பி நிறுவனம் இதை வைத்து .450 வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. 480 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 31 கிராம்; வேகம் நொடிக்கு 2,150 அடி.

அதற்குமேல் ஏன் போகவில்லை? முக்கியக் காரணம் நம் ஊர் வெயில். சூடேறிய கார்டைட் வேகமாக எரியும். குழலுக்குள் அழுத்தம் ஏறும். இங்கிலாந்துக் குளிரில் சாதுவாக இருந்த தோட்டா, சித்திரை வெயிலில் வேறு குணம் காட்டும். அழுத்தம் மிஞ்சினால் பித்தளை உறை விரிந்து அறையில் இறுகிக்கொள்ளும். இரட்டைக்குழல் துப்பாக்கியில் இருப்பது இரண்டே வெடி. உறை வெளியே வராவிட்டால் மூன்றாவது கிடையாது. எதிரே காயம்பட்ட யானை நிற்கும்.

இன்னொன்று, இரு குழல்களையும் ஒரே இடத்தில் குண்டு படும்படி பொருத்துவது குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குத்தான். வேகம் மாறினால் இடக்குண்டு ஒரு பக்கம், வலக்குண்டு ஒரு பக்கம்.

1907 வாக்கில் ஆங்கிலேய அரசு .450 விட்டத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் தடை செய்தது. பழைய ராணுவ மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் அதே விட்டம். வேட்டைக் குண்டுகள் கலகக்காரர் கைக்குப் போகும் என்று பயம். துப்பாக்கிக்காரர்கள் சட்டத்துக்குத் தப்ப .465, .470 என்று விட்டத்தை மாற்றினார்கள். வேகத்தை மட்டும் பெரிதாகத் தொடவில்லை: சுமார் 2,150 அடிதான். சட்டத்தை ஏய்க்க வழி இருந்தது, வெயிலை ஏய்க்க இல்லை.

1956இல் அமெரிக்காவின் வின்செஸ்டர் .458, அதே வலுவைச் சிறிய உறைக்குள் அடைக்கப் பார்த்தது. இறுக்கி அடைத்த மருந்து நாள்பட்டுக் கட்டிதட்டியது. சில தோட்டாக்கள் சொன்ன வேகத்துக்கு வெகுவாகக் கீழே சுட்டன. ஜாக் லாட் என்ற வேட்டைக்காரர் 1959இல் மொசாம்பிக்கில் காட்டெருமையிடம் அடிபட்டார். பிறகு உறையை நீளமாக்கி, தம் பெயரில் ஒரு தோட்டாவை உருவாக்கினார். நண்பர் நிரப்புவது அந்தத் தோட்டாவைத்தான்.

அருவங்காட்டுக் கார்டைட் ராணுவத்துக்குப் போனது. துரைமார்களின் வேட்டைத் தோட்டா பெரும்பாலும் பர்மிங்காமின் கைனாக் ஆலையிலிருந்து கப்பலில் வந்தது. ஊர்ப்பெருமைக்காக இரண்டையும் முடிச்சுப் போட மாட்டேன். நூல்களில் துரைகளின் பெயர் இருக்கிறது. காடு காட்டி, தடம் பார்த்து, தோட்டா ஒட்டிக்கொண்ட நாளிலும் பக்கத்தில் நின்ற நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. அந்த எண்ணில் அவர்கள் உயிரும் அடங்கியிருந்தது.

நண்பரிடம் ஒன்றைத்தான் கேட்டேன்: "வடக்கே தோட்டாவை எங்கே வைப்பாய்?" வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே என்றார். அங்கே வெயிலில் கை வைக்க முடியாது. இன்றைய மருந்துகள் சில வெப்பத்தைத் தாங்கும், எல்லாம் தாங்காது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் ஆற்றல் 21 விழுக்காடு கூடும். தோளில் வாங்கும் உதையும் கூடும், இரண்டாம் வெடிக்குக் குறிபார்க்கும் நேரமும் கூடும்.

அவர் தராசில் இருந்த மருந்தைக் கொஞ்சம் குறைத்தார்.