கலாசாலைக்கு முன்னே வகுப்பறை: ஊவாத் தோட்டங்களில் ஆசிரியர் உருவான வரலாறு

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தை நோக்கி இறங்கும் மலைச்சரிவில் உள்ள பூனாகலை போன்ற ஊவாத் தோட்டங்களில், ஆசிரியத் தொழில் ஏனைய தொழில்கள் வளர்ந்த வரிசைக்கு நேர்மாறாக வளர்ந்தது. மருத்துவரும் சட்டத்தரணியும் எதை, எந்த ஒழுங்கில், எவ்வளவு காலம் கற்க வேண்டும் என்று வகுத்த கலைத்திட்டத்தின் வழி பயின்ற பின்னரே தொழிலுக்கு வருகின்றனர்; தோட்டத்து ஆசிரியரோ முதலில் பிள்ளைகள் முன் நிறுத்தப்பட்டார், அவருக்கு உரிய பயிற்சி பல ஆண்டுகள் கழித்தே வந்தது, சில தலைமுறைகளுக்கு வராமலே போயிற்று.

கோப்பிக் காலத்திலும் அதை அடுத்த தேயிலைக் காலத்திலும் தொழிலாளர் குடியிருந்த லயன் காம்பராக்களில் நடந்த பள்ளிகளில், எழுத்தறிந்த தொழிலாளி ஒருவரே தமக்குத் தெரிந்ததைத் தெரிந்த விதத்தில் சொல்லிக் கொடுத்தார். 1854இல் தோன்றிய தமிழ்க் கூலி மிஷன் என்னும் கிறிஸ்தவ அமைப்பு தோட்டங்களில் பள்ளிகளைத் திறந்ததும், 1869க்குப் பின் அரசு உதவிநன்கொடை முறையை ஏற்படுத்தியதும் பள்ளிகளின் தொகையைக் கூட்டின. 1907ஆம், 1920ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தின. ஆயினும் அவை வயதெல்லைக்கும் வரவுக்கும் காட்டிய அக்கறையில் சிறு பங்கைத்தான் ஆசிரியர் எவ்வாறு ஆசிரியராகிறார் என்பதற்குக் காட்டின. சம்பளமும் இருப்பிடமும் தோட்ட நிர்வாகியான துரையின் கையில் இருந்ததால், ஆசிரியர் கல்வித்துறையைச் சேர்ந்தவராக அன்றித் தோட்டத்தின் இன்னோர் ஊழியராகவே கருதப்பட்டார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றுடன் பாடம் முடிந்தது. பிள்ளை எத்தனை மணிக்குப் பள்ளியை விட்டு வெளியேற வேண்டும் என்பதைக் கல்விச் சிந்தனை தீர்மானித்ததைவிடத் தேயிலைக் கொழுந்து பறிப்பு தீர்மானித்ததே அதிகம்.

1943இல் கல்விச் சீர்திருத்தத்துக்கான கன்னங்கராக் குழு அறிக்கை அளித்து, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, தோட்டப் பள்ளிகள் அதன் விளிம்பிலேயே விடப்பட்டன. 1947இன் சட்டத்திருத்தம் அரசுப் பள்ளிகளைத் தோட்டங்களுக்குள் கொண்டுவர முனைந்தது. ஆனால் அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அரச ஆசிரிய நியமனத்துக்குக் குடியுரிமை தேவைப்பட்ட நிலையில், தோட்டத்தில் பிறந்து படித்த இளைஞர் தம் ஊர்ப் பள்ளிக்கு அரசாங்க ஆசிரியராக வரும் வழி அடைபட்டது. ஆசிரியக் கல்வி வரலாற்றில் இச்சட்டம் அரிதாகவே பேசப்படுகிறது. ஆயினும் ஒரு சமூகம் தனக்குரிய ஆசிரியர்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் வாய்ப்பை இதைவிடக் கடுமையாகப் பாதித்தது வேறொன்றில்லை. 1960இல் உதவிபெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் ஒதுக்கப்பட்டன. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழி இந்தியாவுக்குச் சென்றவர்களுள், ஆசிரியராகக்கூடிய எழுத்தறிந்தோரும் இருந்தனர்.

1970களில் தோட்டங்கள் தேசியமயமாகி, 1977 முதல் பள்ளிகளும் அரசுக்குச் சென்றபின், நாட்டின் பொதுப் பாடவிதானமும் பாடநூல்களும் ஒரே வீச்சில் இங்கு வந்தன. அவற்றைக் கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியர் வரவில்லை. க.பொ.த. சாதாரண தரம் சித்தியடைந்த தோட்ட இளைஞர்களை ஆசிரியர்களாகச் சேர்த்துப் பணியமர்த்தியே 1980களில் இப்பற்றாக்குறை ஈடுசெய்யப்பட்டது. இவ்வாறு சேர்ந்தோர் 'பயிற்றப்படாத ஆசிரியர்' எனப்பட்டனர். 1985இன் சட்டத்தால் மகரகமையில் அமைந்த தேசிய கல்வி நிறுவகம், சுவீடன் உதவியுடன் இத்தகையோருக்கென நடத்திய தொலைக்கல்வியில், தாமே படித்து முடிக்கத்தக்க பாடத்தொகுதிகள் அனுப்பப்பட்டன; வார இறுதியில் ஆசிரியர்கள் ஒரு நிலையத்தில் கூடி அவற்றை விவாதித்தனர். தற்காலிக ஏற்பாடாகவே இது கருதப்பட்டது. எனினும் சனிக்கிழமை படித்ததைத் திங்கட்கிழமை உண்மையான வகுப்பில் செய்து பார்க்கும் வாய்ப்பு, மாதிரி வகுப்பில் சில வாரம் ஒத்திகை பார்க்கும் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை மாணவருக்குக் கிடைக்காத ஒன்று.

1986இன் சட்டத்தால் வலுப்பெற்ற கல்வியியற் கல்லூரிகள், நியமனத்துக்கு முன்பே பயிற்றும் முறையைக் கொண்டுவந்தன. இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிக் கற்றல், மூன்றாம் ஆண்டு ஒரு பள்ளியில் மூத்தோர் கண்காணிப்பில் கற்பித்தல் என அவை அமைந்தன. இவ்வாண்டைக் கட்டுறுப் பயில்வு என்பர். ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகப் பள்ளிகளின் தேவைக்கென்றே கருதப்பட்டது. ஆதலால் பிற மாவட்ட மாணவருக்கும் சிங்கள மொழிமூலத்துக்கும் அங்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் நீண்ட கசப்பை விளைவித்தன. கல்லூரி மத்திய மாகாணத்தில் இருப்பதால் ஊவாத் தோட்டத்தவர் மலை தாண்டியே அங்குச் செல்ல வேண்டியிருந்தது.

அக்கசப்பைவிடக் குறைவாகப் பேசப்பட்டதும், விளைவில் அதைவிடப் பெரியதுமான ஒரு குறை கலைத்திட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு தரத்துக்கு ஓர் ஆசிரியர், ஒரு பாடத்துக்கு நாற்பது நிமிடம் என்ற கணக்கை நம்பியே பாட ஆயத்தமும் நேரசூசியும் கற்பிக்கப்பட்டன. டிவிசன்கள் எனும் பிரிவுகளாகச் சிதறிக் கிடக்கும் தோட்டங்களிலோ சிறு பள்ளிகளில் ஒருவரோ இருவரோ ஐந்து தரங்களை ஒரே நேரத்தில் கையாண்டனர்: ஒன்றாம் தரம் எழுத்தைக் கற்கும்போது நான்காம் தரம் கணக்கில் இருக்க வேண்டும், இரண்டையும் ஆசிரியர் அமைதியாக நகர்த்த வேண்டும். பல தரக் கற்பித்தல் எனப்படும் இத்திறன் மேலதிகமாகக் கற்கும் விசேட அறிவன்று, அங்கு அதுதான் தொழில்.

1980களின் வரிசையே பின்னரும் திரும்பியது. 2014–15 காலத்தில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் சேர்க்கப்பட்டு, நேரே வகுப்பில் நிறுத்தப்பட்டனர். கொடுப்பனவு பின்னர் 10,000 ரூபாவாயிற்று. கொட்டகலை, கோப்பாய் ஆசிரியர் கலாசாலைகளுக்கு அவர்கள் பயிற்சிக்குச் சென்றது அதன்பிறகே. இந்த வரிசையின் விளைவு உயர்கல்வி வரை எட்டுகிறது. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம், பதுளைக்கு அருகே, தேயிலைத் தொழில்நுட்பத்தையும் பெறுமதிசேர்த்தலையும் பட்டப்படிப்பாக்கியது. உள்நாட்டு விளைபொருளுக்கு உயர்கல்வி பொறுப்பேற்பது நல்ல சிந்தனைதான். ஆனால் அங்கு பயிற்றுமொழி ஆங்கிலம். பின்தங்கிய மாவட்டமென்று பதுளைக்குத் தரப்படும் பல்கலைக்கழக அனுமதிச் சலுகையும் மாவட்டம் முழுவதற்கும் உரியது. ஆகவே பூனாகலைப் பிள்ளை அந்த வாசலை அடைவது, ஐந்து தரங்களை ஒருவரே நடத்தும் வகுப்பில் அவர் பெறும் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் பொறுத்தது; அவ்வகுப்பை நடத்துபவருக்கு அதற்கான பயிற்சியை எந்தக் கலாசாலையும் முன்கூட்டிக் கொடுத்திருக்கவில்லை.