துண்டாடப்பட்ட தோட்டங்கள்

நாம் குடியிருக்கும் லயம் யாருடையது? இந்தக் கேள்விக்கு விடை தேட, சற்றுப் பின்னோக்கிப் போவோம்.

காடாய்க் கிடந்த நிலம் முதலில் அரசாங்கத்தின் உடைமை. பிரிட்டிஷார் காலத்தில் ரப்பர் விலை ஏறியபோது, அந்த நிலத்தை நெகிரி செம்பிலானிலும் பிற மாநிலங்களிலும் அரசாங்கம் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்தது. லயம், ஆலை, பள்ளிக்கூடம் எல்லாம் கம்பெனியின் நிலத்தில்தான் எழும்பின. காடு திருத்திய நம் முன்னோர் பெயர் எந்தக் கிராண்டிலும் ஏறவில்லை.

இதே மாநிலத்தில் 1909-ஆம் ஆண்டு வேறொரு சட்டம் வந்தது. மலாய்க்காரரின் அடாட் நிலம் குலத்தை விட்டு வெளியே போகாமல், பெண்வழியாகவே இறங்கி வர அது வழி செய்தது. நினைத்தபடி விற்க முடியாத நிலம் இருந்ததால் அவர்களின் கம்பங்கள் நிலைத்தன. நமக்கு அப்படிப்பட்ட காப்பு எதுவும் இல்லை.

விளைவு 1950-களில் தெரிந்தது. ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டுச் சிறு துண்டுகளாக விற்று இலாபம் பார்த்தார்கள். துண்டு நிலத்துக்காரருக்குப் பழைய ஆட்கள் அத்தனை பேரும் தேவைப்படவில்லை. வேலை போனது, வேலையோடு வீடும் போனது. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார்.

1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில், 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால்மரம் வெட்டியவர்களே தோட்டத்தின் பங்குதாரர் ஆனார்கள்.

பின்னாளில் தேசிய நிலச் சட்டமும் கடுமையானது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டுபோட்டு விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆனால் அச்சட்டம் லயத்து வீட்டை நம் பெயருக்கு எழுதித் தராது. சங்கத்தின் பங்கும் வீட்டுக் கிராண்டு ஆகாது.

இன்று சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. ஆகவே, தோட்டம் கைமாறும் என்ற பேச்சு எழுந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது, குத்தகை எந்த ஆண்டு முடிகிறது என்று நில அலுவலகத்தில் இன்றே விசாரிப்போம். சேமிப்பில் முதற்பங்கை வீட்டுக்கென ஒதுக்குவோம். அடாட் நிலத்தைப் போல, வீட்டுப் பத்திரத்தில் நம் பெண்களின் பெயரும் ஏறட்டும்.